சூப்பர்மார்க்கெட் பிராண்டு பீர் கிட் வாங்கலாமா? வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

போன மாதம் பள்ளத்தூரில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பந்தி முடிந்து முகப்புத் திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். மெல்போர்னில் வேலை பார்க்கும் அக்கா மகன் மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அம்மான், ஒண்ணு கேக்கணும். ஆத்தாகிட்டச் சொல்லிராதீக. அங்க சூப்பர்மார்க்கெட்ல கடைக்காரன் சொந்தப் பேருலயே பீர் கிட் விக்கிறான். பெரிய பிராண்டுக்கு ஏழெட்டு டாலர் கம்மி. வாங்கலாமா?"

"டின்னை வாங்கு. மூடிக்கடியில இருக்கிற ஈஸ்டைத் தூக்கிப் போட்டுரு" என்றேன். அதற்குள் அவனை யாரோ போட்டோவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கிட் என்றால் வீட்டிலேயே பீர் போட உதவும் சாற்று டின்னும் ஈஸ்ட் பொட்டலமும். அன்றைக்கு விட்டுப்போன மீதியைத்தான் இங்கே எழுதுகிறேன். அதே மெல்போர்னில் பதினோரு வருஷம் இருந்து, கராஜில் பீர் போட்டு, கெடுத்து, கற்றுக்கொண்டு, இப்போது தேவகோட்டைப் பக்கம் வந்து உட்கார்ந்திருப்பவன் நான்.

முதலில் சட்டம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். "நம்ம வீட்டு ரெண்டாங்கட்டுலதானே" என்ற பேச்சுக்கெல்லாம் இடமில்லை. அதனால் இந்த வழிகாட்டி ஊரில் இருப்பவர்களுக்குப் படிக்க மட்டும். ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் சொந்தக் குடிக்கு வீட்டில் பீர் போடலாம், விற்கக் கூடாது. சிங்கப்பூரில் 18 வயதானவர்கள், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, விற்காமல் போட்டுக்கொள்ளலாம். காய்ச்சி வடிப்பது வேறு விஷயம். அதை இந்த நாடுகளிலும் உரிமம் இல்லாமல் செய்யக் கூடாது.

இதைச் சொன்னதும் ஊரில் எல்லோரும் கேட்பது 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்ததைப் பற்றித்தான். அங்கே அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது சாராயத்தில் கலந்த மெத்தனால். மால்ட் (முளைகட்டிய பார்லி) தண்ணீரை ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்தால் ஆபத்தான அளவுக்கு மெத்தனால் வராது. வீட்டு பீர் கெட்டுப்போனால் வாயில் வைக்க முடியாது, கொட்ட வேண்டியதுதான். உண்மையான ஆபத்து பாட்டில் வெடிப்பதில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கிட் என்றால் உள்ளே என்ன?

பார்லியை முளைகட்டி, உலர்த்தி, வெந்நீரில் ஊற வைத்து, அந்த இனிப்புச் சாற்றை வெல்லப்பாகு பதத்துக்குச் சுண்டக் காய்ச்சினால் அதுதான் மால்ட் சாறு. அதிலேயே ஹாப்ஸ் பூவின் கசப்பையும் சேர்த்து டின்னில் அடைத்திருப்பார்கள். பெரும்பாலும் 1.7 கிலோ டின். சில மலிவு கிட்டுகளில் 1.5 கிலோதான் இருக்கும், கவனியுங்கள். பிளாஸ்டிக் மூடிக்கடியில் ஐந்தாறு கிராம் உலர் ஈஸ்ட் பொட்டலம். ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, 23 லிட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, ஈஸ்டைத் தூவச் சொல்லும் ஒரு துண்டுச்சீட்டு. அவ்வளவுதான்.

சூப்பர்மார்க்கெட்காரன் தனக்கென்று மால்ட் ஆலை வைத்திருப்பதில்லை. ஏற்கெனவே சாறு காய்ச்சும் ஆலை ஒன்று அவன் லேபிளை ஒட்டித் தருகிறது. ஆகவே டின்னுக்குள் இருப்பது மட்டமான சரக்கு என்று முடிவுகட்ட வேண்டாம். விலை குறைந்த இடம் வேறு: ஈஸ்ட் குறைவு, சாறு சில நேரம் குறைவு, அந்தச் சீட்டில் இருக்கும் யோசனை சுத்தமாகக் குறைவு. 'ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரை போடு, 21 முதல் 27 டிகிரியில் வை, ஒரு வாரத்தில் பாட்டிலில் அடை' என்ற மாதிரி எழுதியிருப்பான். வாங்குகிறவன் சீக்கிரம் குடித்துவிட்டு அடுத்த டின் வாங்க வேண்டும் என்பது அவன் கவலை.

கணக்கு

நகரத்தார் வீட்டில் பிறந்துவிட்டுக் கணக்கு எழுதாமல் இருக்க முடியாது. கடைசியாகப் போட்ட ஒரு ஈட்டுக்கு என் நோட்டில் இருப்பது இது, ஆஸ்திரேலிய டாலரில்: கடை பிராண்டு டின் 11, அரைக் கிலோ மால்ட் பவுடர் (மால்ட் சாற்றை உலர்த்திய பொடி) 7, டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் சர்க்கரை) 2, நல்ல ஈஸ்ட் 6, கிருமிநீக்கியும் மூடிகளும் 2. மொத்தம் 28. அடிவண்டல் போக 375 மில்லி பாட்டில் ஐம்பது கிடைத்தது. பாட்டிலுக்கு 56 சென்ட்.

அதே ஈட்டைப் பெரிய பிராண்டு டின்னில் போட்டிருந்தால் 18 டாலர் டின், மொத்தம் 35. வித்தியாசம் பாட்டிலுக்கு 14 சென்ட். டின்னில் மிச்சம் பிடிப்பதால் ஒருவரும் மச்சுவீடு கட்டப் போவதில்லை. ஆனால் அந்த ஏழு டாலரை அப்படியே எடுத்து ஈஸ்டில் போட்டால் மலிவு டின் பீர், சீட்டில் சொன்னபடி போட்ட பிராண்டு டின் பீரை விட நன்றாக வருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லேபிள் தெரியாமல் நண்பர்களுக்கு ஊற்றிக் கொடுத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

டின்னைத் தேர்ந்தெடுப்பது

தேதிதான் முக்கியம், பிராண்டு அதற்கு அடுத்தது. மால்ட் சாறு டின்னுக்குள்ளேயே பழசாகும். நிறம் கறுக்கும், ஒருவித மை வாடையும் ருசியும் ஏறும். வீட்டில் பீர் போடுகிறவர்கள் 'டின் ருசி' என்று குறை சொல்வது பெரும்பாலும் இந்தப் பழைய சாற்றைத்தான். காலாவதித் தேதிக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும் டின்னை எடுங்கள். அலமாரியின் பின்வரிசையில் கைவிட்டு எடுக்க வெட்கப்பட வேண்டாம், நம் வீட்டு ஆச்சிமார் காரைக்குடிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும் லாவகம் வேண்டும். தள்ளுபடிக் கூடையில் நசுங்கிக் கிடக்கும் டின் கண்ணில் பட்டால் அப்படியே நடந்துவிடுங்கள். உப்பிய டின்னைத் தொடவே வேண்டாம்.

மலிவு பிராண்டில் லாகர், பில்ஸ்னர் என்று வெளிர் வகை எடுக்காதீர்கள். வெளிர் பீரில் சின்னக் குறையும் நாக்கில் தனியாகத் தெரியும், வெள்ளைப் பணியாரத்தில் ஒரு கரும்புள்ளி மாதிரி. ஸ்டவுட், டார்க் ஏல் என்ற கருத்த வகைகளில் வறுத்த மால்ட்டின் காப்பி வாடை பல பாவங்களை மூடிவிடும். இன்னொன்று: லாகர் குளிரில் நொதிக்கும் வகை, ஆனால் லாகர் என்று எழுதிய பல கிட்டுகளில் இருப்பது மிதமான சூடு கேட்கும் ஏல் ஈஸ்ட்தான். லேபிளை நம்பி அதைக் குளிரில் வைத்தால் ஈஸ்ட் தூங்கிவிடும்.

கேக், ரொட்டி செய்யும் சாமான் விற்கும் சில கடைகளில் ஹாப்ஸ் சேர்க்காத மால்ட் சாறு டின்னும் கிடைக்கும். அதை பீர் கிட் என்று நினைத்து வாங்கினால் கசப்பே இல்லாத இனிப்புக் கஷாயம் மிஞ்சும்.

மாற்ற வேண்டிய இரண்டு

சர்க்கரை: ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரையை ஈஸ்ட் முழுதாகத் தின்றுவிடும். போதை ஏறும், உடம்பு இருக்காது. தண்ணீர் மோர் மாதிரி இருக்கும். அதற்குப் பதில் 500 கிராம் வெளிர் மால்ட் பவுடரும் 300 கிராம் டெக்ஸ்ட்ரோஸும் போடுங்கள். தண்ணீரையும் 23 லிட்டர் வேண்டாம், 20 லிட்டரோடு நிறுத்துங்கள். மூன்று லிட்டர் குறைப்பது காசு செலவில்லாத வைத்தியம்.

ஈஸ்ட்: மூடிக்கடிப் பொட்டலம் எத்தனை மாதம் எந்தக் கிடங்கு வெயிலில் கிடந்தது என்று தெரியாது. அளவும் பற்றாது. தனியாக விற்கும் 11 கிராம் ஏல் ஈஸ்ட் பாக்கெட் வாங்குங்கள். யுஎஸ்-05, நாட்டிங்ஹாம் இரண்டும் சுத்தமான ருசி தருபவை, ஹோம்பிரூ (வீட்டு பீர் சாமான்) கடையில் ஃபிரிட்ஜில் வைத்து விற்பார்கள். மூடிக்கடிப் பொட்டலத்தை என்ன செய்ய என்றால், கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் கொன்றுவிட்டு மால்ட்டோடு சேர்க்கலாம். செத்த ஈஸ்ட் உயிரோடிருக்கும் ஈஸ்டுக்குச் சாப்பாடு.

சாமான்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குழாய் வைத்த 30 லிட்டர் உணவுத்தர பிளாஸ்டிக் ஃபெர்மென்டர் (பீர் நொதிக்கும் வாளி), மூடியில் ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு), ஹைட்ரோமீட்டர் (சர்க்கரை கரைந்த அடர்த்தியை அளக்கும் மிதவை, வெறும் தண்ணீரில் 1.000 காட்டும்), ஒட்டும் தெர்மாமீட்டர், பாட்டில் நிரப்பும் குழல். பழைய சாமான் விற்கும் தளங்களில் பாதி விலைக்குக் கிடைக்கும். உள்ளே கீறல் விழுந்த ஃபெர்மென்டர் மட்டும் வேண்டாம், கீறலில் கிருமி குடியிருக்கும்.

சுத்தம்

ஊறுகாய்ப் பரணியில் ஈரக் கரண்டி பட்டால் அப்பத்தா எப்படிக் கத்துவார்களோ, அந்தக் கண்டிப்பு இங்கேயும் வேண்டும். இரண்டு வேலை இருக்கிறது, இரண்டையும் ஒன்றென்று குழப்பாதீர்கள். முதலில் அழுக்கை எடுப்பது: சோடியம் பெர்கார்பனேட் கலந்த வெந்நீரில் ஊற வைத்து, மென்மையான துணியால் துடைத்து, அலசுவது. பிறகு கிருமி எடுப்பது: அலசத் தேவையில்லாத அமில வகைக் கிருமிநீக்கியை பீர் தொடும் ஒவ்வொரு பரப்பிலும் நனைப்பது. கத்தரி, ஈஸ்ட் பாக்கெட், டின் திறப்பான் உட்பட. பிளீச்சைத் தவிர்த்துவிடுங்கள். சரியாக அலசாவிட்டால் பீரில் ஆஸ்பத்திரி வாடை வரும். அதோடு வினிகரைக் கலந்தால் நச்சு வாயு வரும்.

தண்ணீரிலும் அதே வாடை ஒளிந்திருக்கலாம். சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த காரைக்குடி நாக்குக்கு நகரக் குழாய்த் தண்ணீரின் குளோரின் உடனே தெரியும். குளோரின் கொதிக்க வைத்தால் போகும், சில ஊர்களில் அதற்குப் பதில் கலக்கும் குளோரமின் லேசில் போகாது. அரைக் கேம்ப்டன் மாத்திரையை (மெட்டாபைசல்பைட் உப்பு மாத்திரை) நுணுக்கிப் போட்டுக் கலக்கினால் 20 லிட்டருக்கு இரண்டும் தீர்ந்தது.

போடுகிற நாள்

ஒன்று. டின்னின் பிளாஸ்டிக் மூடியை மட்டும் எடுத்துவிட்டு, பதினைந்து நிமிஷம் வெந்நீரில் நிறுத்துங்கள். பாகு இளகும்.

இரண்டு. பெரிய பாத்திரத்தில் இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரில் மால்ட் பவுடரைக் கொட்டிக் கலக்கி, பிறகு அடுப்பேற்றுங்கள். கொதிக்கும் தண்ணீரில் கொட்டினால் ஆவி பட்டுக் கட்டி கட்டியாகிவிடும், பணியார மாவைத் தண்ணீரில் கரைக்கிற பக்குவம்தான். டெக்ஸ்ட்ரோஸையும் போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்க விடுங்கள். பொங்கும், பக்கத்திலேயே நில்லுங்கள்.

மூன்று. அடுப்பை அணைத்துவிட்டு டின் சாற்றை ஊற்றிக் கரைக்க வேண்டும். டின்னை வெந்நீர் விட்டு வழித்து எடுங்கள். ஹாப்ஸ் சேர்த்த சாற்றை மறுபடி கொதிக்க வைத்தால் இருக்கிற வாசமும் போகும்.

நான்கு. ஃபெர்மென்டரில் ஊற்றிக் குளிர்ந்த தண்ணீரால் 20 லிட்டருக்குக் கொண்டுவாருங்கள். பாதித் தண்ணீரை முந்தின நாள் ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் சூடு தானாகச் சரியாகும். ஊற்றும்போது டீக்கடைக்காரர் ஆற்றுவது போல உயரத்திலிருந்து நுரைக்க ஊற்றுங்கள். ஈஸ்ட் பெருக ஆரம்பத்தில் காற்று வேண்டும். இதற்குப் பிறகு கடைசி வரைக்கும் காற்றுப் படக் கூடாது, பட்டால் நனைந்த அட்டை ருசி.

ஐந்து. ஹைட்ரோமீட்டரில் அளந்து எழுதுங்கள். 1.040 பக்கம் காட்டும். சூடு 18க்கும் 20க்கும் நடுவில் வந்ததும் ஈஸ்டை மேலாகத் தூவி மூடுங்கள்.

சூடு

இந்தப் பகுதியைத் தாவாதீர்கள். என் முதல் ஈடு ஜனவரியில், அந்த ஊர்க் கோடையில், கராஜில். வெளியே 34 டிகிரி. நொதிக்கும்போது பீர் தானும் சூடாகும் என்பது அப்போது தெரியாது. அறைச் சூட்டை விட உள்ளே நாலைந்து டிகிரி கூட இருக்கலாம். மூன்றே நாளில் கொதித்து அடங்கிவிட்டது. சீக்கிரம் முடிந்ததே என்று சந்தோஷப்பட்டேன். பாட்டிலைத் திறந்தால் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை. இரண்டு கிளாஸுக்குத் தலைவலி. டின் மட்டம் என்று கடைக்காரனைத் திட்டினேன். அடுத்து ஜூலைக் குளிரில் அதே டின், அதே கடை, 18 டிகிரி, வேறு பீர்.

யோசித்தால் இது நமக்குத் தெரியாததா? சித்திரையில் மதியம் ஆட்டிய இட்லி மாவு சாயங்காலமே பொங்கிப் புளித்துவிடுகிறது. மார்கழியில் விடிய விடிய வைத்தாலும் மந்தமாகக் கிடக்கிறது. அரிசியும் உளுந்தும் அதேதான், மாறியது சூடு. மாவின் விஷயத்தில் நம் வீட்டுப் பெண்களுக்கு இது கையிலேயே இருக்கும் அறிவு. பீர் என்றதும் நாம்தான் லேபிளைப் பார்க்கிறோம்.

தனி ஃபிரிட்ஜும் சூட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியும் இருந்தால் 18இல் வைத்துவிட்டு மறந்துவிடலாம். இல்லாவிட்டால் மண்பானையில் ஈரத்துணி சுற்றுகிற வித்தை போதும்: அகலமான தொட்டியில் பாதித் தண்ணீர் விட்டு ஃபெர்மென்டரை நிறுத்துங்கள், பழைய பனியனை மாட்டி அதன் நுனி தண்ணீரில் கிடக்கட்டும், எதிரே ஒரு மின்விசிறி. காலையும் மாலையும் ஒரு ஐஸ் பாட்டிலைத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். முதல் நாலு நாள் இதைச் செய்தால் போதும், ருசியின் தலையெழுத்து அதற்குள் எழுதப்பட்டுவிடும். சிங்கப்பூர், கோலாலம்பூர் மாதிரி காற்றே ஈரமாக இருக்கும் ஊர்களில் விசிறி அவ்வளவாக உதவாது, ஐஸ் பாட்டிலைக் கூட்டுங்கள்.

காத்திருப்பது

பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் நுரை கட்டும். ஏர்லாக்கில் குமிழ் வராவிட்டால் பதற வேண்டாம், மூடி சரியாக இறுகியிருக்காது. குமிழ் நின்றுவிட்டால் முடிந்தது என்றும் அர்த்தமில்லை. ஹைட்ரோமீட்டர் ஒன்றுதான் சாட்சி. பத்தாம் நாள் அளந்து, இரண்டு நாள் விட்டு மறுபடி அளந்து, எண் நகராமல் இருந்தால் முடிந்தது. 1.010 பக்கம் நிற்கும். ஆரம்ப எண்ணிலிருந்து கடைசி எண்ணைக் கழித்து 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம்: 1.040க்கும் 1.010க்கும் 3.9. பாட்டிலில் போடும் சர்க்கரையால் இன்னும் கொஞ்சம் ஏறும். நான் எண் நின்ற பிறகும் பதினாலு நாள் ஆகும்வரை தொடுவதில்லை. பச்சை ஆப்பிள் வாடையையும் வெண்ணெய் வாடையையும் ஈஸ்ட் அந்த நாட்களில் தானே துடைத்துவிடும்.

வெளிர் டின்தான் கையில் இருக்கிறது என்றால் ஏழாம் நாள் 25 கிராம் காஸ்கேட் ஹாப்ஸ் துகளை அப்படியே தூவுங்கள். எலுமிச்சைத் தோல் வாசம் வரும். மலிவு டின்களில் கசப்பு இருக்கும் அளவுக்கு வாசம் இருக்காது, அதனால் இதன் பலன் நன்றாகவே தெரியும்.

பாட்டில்

நான் முன்னே சொன்ன ஆபத்து இங்கே. நொதிப்பு முடியாமல் அடைத்தாலோ, சர்க்கரை கூடினாலோ, கண்ணாடி பாட்டில் குண்டாகும். ஒருமுறை துணி துவைக்கும் அறையில் நடுராத்திரி மூன்று வெடித்தன. சுவரில் கண்ணாடிச் சில்லு பதிந்திருந்தது. அன்றைக்கு வீட்டில் வாங்கிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. சீட்டில் போட்டிருந்தபடி ஏழாம் நாளே, அளக்காமல் அடைத்த ஈடு அது.

சரியான வழி: 20 லிட்டருக்கு 120 கிராம் சர்க்கரை, ஸ்டவுட் என்றால் 100. ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்க வைத்து ஆற விட்டு, கிருமி நீக்கிய இன்னொரு வாளியில் ஊற்றுங்கள். அதன்மேல் பீரைக் குழாய் வழியாகச் சத்தமில்லாமல் இறக்கி, மெதுவாக ஒரு சுற்றுக் கலக்கி, பாட்டில்களில் நிரப்புங்கள். முதல் இரண்டு ஈடுகளுக்குப் பழுப்பு நிற பிளாஸ்டிக் பீர் பாட்டிலே நல்லது. அமுக்கிப் பார்த்து வாயு ஏறுவதைத் தெரிந்துகொள்ளலாம், சில்லு தெறிக்காது. கண்ணாடி என்றால் பழுப்பு மட்டும். பச்சை, வெள்ளைக் கண்ணாடியில் வெளிச்சம் பட்டு ஹாப்ஸ் நாறும். திருகு மூடிக்கான மெல்லிய ஒருமுறை பாட்டில்களை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

இருட்டில், 20 டிகிரி சுமாரில், இரண்டு வாரம். பிறகு ஃபிரிட்ஜில் இரண்டு நாள். அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும், கடைசி விரற்கடையை விட்டுவிட்டு ஊற்றுங்கள்.

இரண்டு டின் ஸ்டவுட்

கடை பிராண்டு டின் உண்மையாகவே கொடிகட்டிப் பறக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு ஸ்டவுட் டின்னும் ஒரு டார்க் ஏல் டின்னும், இரண்டும் 1.7 கிலோ, இரண்டும் கடை பிராண்டு. சர்க்கரை, பவுடர் எதுவும் வேண்டாம். 20 லிட்டருக்கு ஊற்றினால் 1.050 பக்கம் காட்டும். கசப்பும் இரட்டிப்பாகும், கருத்த பீருக்கு அது பொருந்தும். பிராண்டு டின் இரண்டு வாங்கினால் 36 டாலர், இங்கே 22. நல்ல ஈஸ்ட், 18 டிகிரி, பாட்டிலில் இரண்டு மாதம். முதல் மாதம் கரடுமுரடாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகன் மெல்போர்னுக்குத் திரும்பி வாங்கியது இதைத்தான். நேற்று போட்டோ அனுப்பியிருந்தான்: குளிக்கும் தொட்டியில் ஃபெர்மென்டர், அதன்மேல் கல்யாணத்தில் கொடுத்த துண்டு. "அம்மான், 23 காட்டுது, பரவால்லையா?" என்று கேட்டிருந்தான். ஐஸ் பாட்டில் இரண்டு போடச் சொல்லியிருக்கிறேன்.